இல்லை என்று சொல்லாத துரைசானி

"இன்னிக்கு நீங்க துரைசானியா இருங்க டீச்சரம்மா" என்றாள் சவரியம்மா. "லண்டன் போயாச்சு. புள்ளைங்கள வூட்டுல சேத்தாச்சு. ஊருக்குத் திரும்பி வர நா சீட்டு கேக்கறேன்."

அது கடைசி வகுப்பு. மறுநாள் காலை பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் அவளுக்கு ரயில். பம்பாயில் கப்பல். ஜார்ஜ் ராஜாவின் பட்டாபிஷேகம் பார்க்கக் கர்னல் வீட்டுத் துரைசானி, இரண்டு பிள்ளைகளோடு சீமைக்குப் புறப்பட்டிருந்தாள். பிள்ளைகளுக்கு ஆயா சவரியம்மா.

அல்சூர் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து எல்லோரும் போன பிறகு, இப்படிப் போகிற ஆயாக்களுக்கு நான் இங்கிலீஷ் கற்றுக் கொடுத்து வந்தேன். எழுத்து கிடையாது, பேச்சு மட்டும். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் கப்பல். கரும்பலகை அருகே நின்றால் நான் டிக்கெட் பரிசோதகர். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் கப்பல் டாக்டர்.

எல்லாம் நானே நோட்டில் எழுதி வைத்த பேச்சுகள்தான். தண்ணீர் எங்கே என்றால், இதோ என்பார்கள். குழந்தைக்குப் பால் வேண்டும் என்றால், உடனே தருகிறேன் என்பார்கள். வழி கேட்டால் கூடவே வந்து காட்டுவார்கள்.

என் நோட்டில் யாரும் யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது.

"சீட்டு கேக்கறதெல்லாம் எதுக்கு சவரி? நேரம் வந்தா அவங்களே குடுத்துடுவாங்க" என்றேன்.

"குடுக்கட்டும். கேக்கத் தெரிஞ்சு வெச்சுக்கினா கெட்டா பூடுவேன்?"

கெட்டுப் போக மாட்டாள்தான்.

அவளுக்குப் புருஷன் இல்லை. மூன்று வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போகிறாள். கிறிஸ்துமஸுக்குள் திருப்பி அனுப்பிவிடுவதாகத் துரைசானி வாக்குக் கொடுத்திருந்தாள். மகளுக்கு கவுன் துணி கூட எடுத்தாகிவிட்டது. தைக்கக் கொடுக்கவில்லை. "அதுக்குள்ள வளந்துடுவா. நா வந்துதான் அளவெடுக்கணும்" என்று சொல்லியிருந்தாள்.

ஆணியில் மாட்டியிருந்த வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து பெஞ்சில் இருந்த இன்னொரு ஆயா ஜூடித் சிரித்தாள். "டோரதி டீச்சர் அசல் துரைசானிதான். மூஞ்சிக்கு ரெண்டு கோட்டு வெள்ளை அடிச்சாப் போதும்."

சவரி சேலையைச் சரி செய்துகொண்டு என் முன்னால் வந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"மேடம், ப்ளீஸ். மை டிக்கெட் டு பேங்களூர்."

சுத்தமாகச் சொன்னாள். எந்த வகுப்பிலும் அவள் அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

மேசையில் பழைய தபால் உறை ஒன்று கிடந்தது. எடுத்து நீட்டினேன். "ஹியர் இட் இஸ், ஆயா."

ஜூடித் கை தட்டினாள். சவரி தட்டவில்லை. உறையைத் திருப்பி என்னிடமே கொடுத்தாள்.

"இன்னொரு தபா. இப்ப நீங்க நோ சொல்லுங்க."

"எதுக்கு?"

"நோன்னு சொல்லிட்டா நா இன்னா பேசறது? அத்த நீங்க சொல்லியே குடுக்கலையே."

நான் வாயைத் திறந்தேன். ஓர் எழுத்துச் சொல்தான் அது. வரவில்லை.

சவரி காத்துக்கொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, பாடம் கேட்கும்போது எப்போதும் நிற்பது போல.

"டீச்சரம்மாவுக்கு அந்த வார்த்தை பழக்கமே இல்லடி. வுட்டுரு, பாவம்" என்றாள் ஜூடித்.

தொப்பியைக் கழற்றினேன். "அவங்க அப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க, சவரி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"நீங்க சொன்னா சரிதான். ஸ்தோத்திரம் டீச்சரம்மா. வர்றேன்."

இருவரும் வாசலைத் தாண்டிப் பேசிக்கொண்டே போனார்கள். ஜூடித் ஏதோ சொல்ல, சவரி உரக்கச் சிரிப்பது தெருக்கோடி வரை கேட்டது.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள் மேடம் என்பதற்கு இங்கிலீஷில் மூன்றே வார்த்தை. போலீஸ் எங்கே, மாதா கோயில் எங்கே, என்னை ஊருக்கு அனுப்ப யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் கால் மணி நேரப் பாடம். ரயில் புறப்படுவதற்குள் ஸ்டேஷனுக்குப் போயாவது சொல்லியிருக்கலாம். அல்சூரிலிருந்து அது அப்படி ஒன்றும் தூரமில்லை.

நான் பெஞ்சுகளைப் பழையபடி இழுத்துப் போட்டுவிட்டு அறையைப் பூட்டினேன்.

அன்று மத்தியானமே, இந்த வகுப்புக்கு முன்பு, துரைசானி பள்ளிக்கு வந்திருந்தாள். பள்ளிக் கமிட்டியில் அவள் வைத்ததுதான் சட்டம். நான்கு வருஷமாகத் தற்காலிகமாக இருந்த என் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மைக்கூட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: பிள்ளைகள் அங்கேயே போர்டிங்கில் தங்கிவிடுவார்கள். தான் ஒருத்தி திரும்புவதற்கு ஆயா எதற்கு? சவரிக்குப் போகிற சீட்டு மட்டும்தான் எடுத்திருக்கிறது. கப்பல் ஏறும் வரை அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அந்தத் தாள் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

நான் கையை நீட்டினேன்.