ஐந்தாவது ஈத்து

இன்றைக்கா?

டீ வடிகட்டியைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டாள். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. பத்தரைக்குக் குடும்ப நீதிமன்றம். கடைசி வாய்தா. இன்று கையெழுத்துப் போட்டால் விவாகரத்து. கீழே ஆட்டோ வந்து நிற்கிறது.

இங்கே கப்பி மீன் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

போடுவதும் அதுதான். திரும்பித் தின்பதும் அதுதான்.

பாசிக்குள் ஒரு குட்டி ஒளிந்தது. பாதி கண், பாதி வால். அள்ளிப் பக்கத்து வாளியில் விட்டாள்.

பதினாறு.

ஆறு மாதம் யோசித்துப் பார்க்கச் சொல்லி நீதிமன்றம் அனுப்பிவைத்த அன்றே அவன் பெட்டி கட்டினான். செம்மஞ்சள் வால் வைத்த ஆண் மீன்களை எல்லாம் பைகளில் பிடித்துக்கொண்டான். மூன்று வருடம் பொறுக்கிப் பொறுக்கி அவன் கொண்டுவந்த நிறம் அது. சாம்பல் நிறப் பெட்டை ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

"பொட்டை மட்டும்தானே, அதுபாட்டுக்குக் கிடக்கும். உனக்கு ஒரு தொல்லையும் இல்ல."

நம்பினாள். அவளுக்கு அதுதானே வேலை.

அடுத்த மாதமே குட்டி. அதற்கடுத்த மாதமும்.

கொளத்தூர் மீன் கடைக்காரர்தான் விளக்கினார். ஒரு தடவை ஆணோடு சேர்ந்தால் போதுமாம். ஏழெட்டு மாதம் வரை ஆணின் விந்தை உள்ளேயே வைத்திருந்து, மாதாமாதம் குட்டி போடுமாம்.

எரிச்சல் தலைக்கேறியது. ஆள் போய்விட்டான். அவன் வேலை மட்டும் இந்த வீட்டில் நடந்துகொண்டே இருந்தது.

கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். ஒருமுறை விட்டும் பார்த்தாள். கண்ணெதிரே இரண்டு குட்டி தாயின் வாய்க்குள் போனது. அன்று இட்லி இறங்கவில்லை. திட்டிக்கொண்டே வடிகட்டியை எடுத்தவள்தான். வளர்ந்ததை எல்லாம் மாடி வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டாள். ஆண் குட்டி ஒவ்வொன்றுக்கும் அதே செம்மஞ்சள் வால்.

கைப்பேசி அடித்தது. அவன்.

"கிளம்பிட்டியா?"

"ம்."

"இந்த மாசம் போட்டுடுச்சா? என் கணக்குக்கு இது அஞ்சாவது ஈத்து. எல்லாத்தையும் தனியா எடுத்து வச்சிருக்கல்ல? என்கிட்ட இருந்ததெல்லாம் செத்துப்போச்சு. வரும்போது ஒரு பாட்டில்ல..."

அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

தெரிந்திருக்கிறது. பெட்டி கட்டிய அன்றே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தண்ணீர் மாற்ற, தீனி போட, தாயிடமிருந்து காப்பாற்ற இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதும்.

கத்த வேண்டும்போல இருந்தது. பதினோரு வருடம் கத்தி என்ன கண்டாள்?

"பொட்டை மட்டும்தானே இருக்கு," என்றாள். "அது எப்படிக் குட்டி போடும்?"

வைத்துவிட்டாள்.

ஆட்டோ இரண்டாவது முறை ஹார்ன் அடித்தது. மணி பத்து ஐந்து. செருப்பை மாட்டினாள். வழக்குக் கோப்பை எடுத்தாள். கதவு வரை போய்விட்டாள்.

தாய் மீன் பாசிப் பக்கம் திரும்பியது. அங்கே இன்னும் ஒன்று இருந்தது.

சனியனே, என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கோப்பைக் கீழே வைத்தாள்.

அவன் காத்திருக்கட்டும்.

வடிகட்டியை மெதுவாக உள்ளே விட்டாள்.

பதினேழு.