விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

வாசகசாலைச் சுவரின் விரிசலுக்குக் குறுக்கே பொறியாளர் பர்வீன் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, அதில் தேதி எழுதிவிட்டுப் போயிருந்தாள். மூன்று மாதத்துக்குள் அது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள்; கட்டடத்தை இடித்துவிட வேண்டியதுதான். உடையாவிட்டால் விட்டுவைக்கலாம். இன்று வந்து பார்த்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது. தேதியும் சரிதான். கையெழுத்துதான் அவளுடையதல்ல.

"சார், இது நான் ஒட்டினதா?"

"நீங்க ஒட்டினதுதான் மேடம்," என்றார் நூலகர் தைரியநாதன், கொஞ்சமும் தயங்காமல். "இடிக்க வேண்டாம்னு எழுதிக் குடுங்க."

"அப்ப இதுக்குக் கீழயே உக்காந்து எழுதுவோமா?"

அவர் தன் நாற்காலியை இழுத்து விரிசலுக்கு நேர்கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார். "எழுதுங்க."

தனக்கொரு நாற்காலி தேடித் திரும்பினாள் பர்வீன். வாசகர்களின் நாற்காலிகள் அத்தனையும் எதிர்ச்சுவரை ஒட்டி நெருக்கிப் போடப்பட்டிருந்தன.