ஐந்தாவது வாக்குறுதி

நோட்டீஸை நீட்டிய பிறகுதான் அது யார் வீடு என்று வேட்பாளருக்கு உறைத்தது.

வாசல் சுவருக்கு வர்ணம் மாற்றியிருந்தார்கள். கதவும் புதிது. இல்லாவிட்டால் கட்சிக்காரர்களை மட்டும் அனுப்பிவிட்டு, அவசரமாகப் போகிறவர் போலத் தாண்டிப் போயிருப்பார்.

தமயந்தி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி எழுந்து வந்து வாங்கினாள்.

வாங்கியதோடு உள்ளே போயிருக்கலாம். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அவள் படித்தாள்.

வரிக்கு வரி விரல் நகர்ந்தது. படிப்பகத்துக்குப் புதுக் கட்டடம். பூங்காவில் பெண்களுக்குத் தனி நடைபாதை. பொங்கலுக்குக் கலைவிழா. ஷட்டில் மைதானத்துக்கு விளக்கு.

ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

'பூட்டிக் கிடக்கும் நகராட்சி நீச்சல் குளம் மீண்டும் திறக்கப்படும்.'

அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொன்னது அவர்தான். வார்டில் பிள்ளைகள் உள்ள வீடுகள் அதிகம். நன்றாக எடுபடும் என்றார்கள்.

முதல் தடவை அதைத் திறந்து வைத்ததும் அவர்தான். ஏழு வருடம் ஆகிறது. அப்போது கவுன்சிலர். தடுப்புக் கம்பி பாக்கி இருக்கிறது, எந்தப் பக்கம் எத்தனை அடி ஆழம் என்று சுவரில் எழுதவேண்டும், நாலு நாள் பொறுங்கள் என்று இன்ஜினியர் கேட்டார்.

அழைப்பிதழ் அடித்தாயிற்று என்று இவர் சொன்னார்.

திறந்த ஒன்பதாம் நாள் தமயந்தியின் மகன் அதில் இறங்கினான். பதினோரு வயது.

காவலாளியை வேலையை விட்டு எடுத்தார்கள். குளத்தைப் பூட்டினார்கள். அந்த நாலு நாள் பேச்சு எந்த விசாரணையிலும் வரவில்லை. இன்ஜினியர் சொல்லவில்லை.

இவரும் சொல்லவில்லை.

நோட்டீஸைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளக் கை பரபரத்தது.

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் திருத்தித் தரச் சொல்கிறவள் போலத்தான் சொன்னாள்.

"இந்தத் தடவ எத்தன அடி ஆழம்னு எழுதிப் போட்டுருங்கண்ணா. எழுதியிருந்தா அவன் படிச்சிருப்பான்."



நாலு நாள் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் போதும் போலிருந்தது. அவள் அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

"பாத்துக்கலாம்மா" என்றது வாய்.

சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் சொல்கிற அதே வார்த்தை.

அவள் தலையசைத்தாள். நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி வெங்காயத்தின் முன் உட்கார்ந்தாள்.

அவர் தெருவுக்கு இறங்கினார்.

பிரசார ஆட்டோ ஓட்டுகிற பிச்சுமணி உள்ளூர்க்காரன். வீட்டைப் பார்த்ததுமே மைக் செட்டை அணைத்திருந்தான். கூட வந்தவர்கள் கோஷம் போடவில்லை. தரையைப் பார்த்து நடந்தார்கள்.

அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அதற்காக அவர் மனசுக்குள் நன்றி சொன்னார். சொன்னதும் இன்னும் கூசியது.

திருப்பம் வந்தது. அடுத்த தெருவில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள்.

பிச்சுமணி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினான்.

"அண்ணே, போடட்டுமா?"

பதிவு செய்த பேச்சு. குளமும் அதில் வரும்.

அவர் திரும்பிப் பார்த்தார். நடுவில் ஐந்தாறு வீடுதான். அவள் கதவு திறந்தே இருந்தது. இங்கே போட்டால் அங்கே கேட்கும்.

ஆரத்திக்காரர்களைப் பார்த்துக் கை கூப்பினார்.

"சத்தத்தக் கொஞ்சம் கம்மியா வை" என்றார்.