புயல் வாங்கிய கடன்

“டேய் புயல், நீ எனக்கு நாலாயிரத்து இருநூறு காசு தரணும். ஞாபகம் இருக்கா, இல்ல கம்பி நீட்டிட்டியா?”

மகனின் செல்போனில் வந்து விழுந்த அந்த வரியை அவர் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் திரை இரண்டு தடவை இருண்டுவிட்டது. சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். நாற்பதைத் தாண்டிய பிறகு, லாரிகளின் முதுகைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் படித்தவர்.

புயல் என்பது அவருடைய மகன் செல்போன் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர். ஒரே மகன். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். வேலைக்கும் போகவில்லை, வாயும் திறக்கவில்லை. இப்போது எழுந்து உட்கார்ந்தார்.

“இங்க பாரு. யாரோ ஆந்தைன்னு பேர் வெச்சவனாம். நம்ம பையன் கடன் வாங்கியிருக்கானாம்.”

மனைவி ஓடி வந்து பார்த்தாள். “அது நெசக் காசு இல்லைங்க. வெளையாட்டுல கல்லு உடைச்சா தர்ற காசு. அதை வெச்சு ஒரு டீகூடக் குடிக்க முடியாது. அவன் போயிட்டான்னு ஒரு வரி எழுதிப் போடுங்க, விட்டுடுவாங்க.”

“அதான் வேணாங்கறேன். செத்தவன் கடன்னா ஐயோ பாவம்னு விட்டுடுவாங்க. எம்மவன் பேர்ல ஐயோ பாவம் எதுக்கு நிக்கணும்?”

அது ஒரு காரணம். அந்த ஒரு வரியை எழுத அவருக்குக் கை வரவில்லை என்பது இன்னொன்று. படித்த எழுத்தையெல்லாம் கொண்டுபோய் அதற்கா செலவழிப்பது?

‘தர்றேன்’ என்று மட்டும் அடித்து அனுப்பினார்.

மறுநாள் கிடங்குக்குப் போனார். வேலை விட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு விளையாட்டைத் திறந்தார். திரைக்குள் ஒரு மலை இருந்தது, மகனின் சம்மட்டி இருந்தது. ஆனால் சிமெண்டில் ஊறிக் காய்ப்பேறிய அவருடைய கட்டைவிரலைத் திரை மதிக்கவே இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் சம்மட்டி அசையவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் சுண்டுவிரலுக்குத்தான் அசைந்தது.

“ஏண்டா, கால் விரலால ஆடறியா?” என்று ஆந்தை கேட்டது.

“நெட் சரியில்ல” என்று அடித்தார். மகன் சொல்லும் சாக்கு.

“பாவம்டா அந்த நெட்டு. ஊர்ப் பழியெல்லாம் அது தலையில.”

உடைத்த கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய், கல்லுக்குக் காசு தரும் கப்பலில் போட்டார். மொத்தமாய் அள்ளிப் போட ஒரு பட்டன் இருந்தது அவருக்குத் தெரியாது. ஆந்தையும் சொல்லவில்லை. ஒரு நாள் கப்பல் கரையில் செருகி நின்றுவிட்டது.

“கப்பல் மாட்டிக்கிச்சு. என்ன பண்றது?”

“அது இந்த கேமோட பழைய வியாதி. புது அப்டேட் போட்டு இன்னும் மோசமாக்கிட்டாங்க. கப்பல் முன்னால நின்னு குதி. நகந்துடும்.”

குதித்தார். நகர்ந்துவிட்டது. தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். அடுப்படியில் நின்ற மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“பகல் பூரா தூக்கறது பத்தாதா? அங்கேயும் போய்ச் சுமக்கணுமா?”

“இது அவனுதுடி” என்றார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கிடங்கில் சாப்பாட்டு நேரத்திலும் லாரி நிழலில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். கூட மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“பெருசு, எந்த லெவல்ல இருக்கே?”

“கடன் லெவல்ல.”

“அப்ப நாங்கெல்லாம் எப்பவோ சாம்பியன்” என்றான் ஒருவன்.

கொஞ்சம்தான் பாக்கி என்று நிமிர்கிற நேரத்தில் ஆந்தை வட்டி போட்டது. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“சிநேகிதனுக்குள்ள வட்டியா? மனசாட்சி இருக்கா உனக்கு?”

“போன அப்டேட்ல அதைத் தூக்கிட்டாங்கடா.”

பல்லைக் கடித்துக்கொண்டு வட்டிக்கும் சேர்த்து உடைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிக் காசையும் அனுப்பிவிட்டார். “கணக்கு நேர்” என்று ஆந்தை எழுதியது. இனி யாரும் மகனை எதுவும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் பொய்ப் பேரில் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. சுண்டுவிரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

“தம்பி, நான் புயல் இல்ல. அவன் அப்பா. அவன் செத்துட்டான். சொல்லாம ஆடினதுக்கு மன்னிச்சுடு. கடன் முடிஞ்சுது. இனிமே வர மாட்டேன்.”

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆந்தை எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பிறகு வந்தது:

“தெரியும்ப்பா. ஆஸ்பத்திரியில இருந்து அவனே சொன்னான். கடன் வாங்கினவன் அவன் இல்ல, நான்தான். திருப்பித் தர்றேன்னு சொன்னதுக்கு, ‘காசு வேணாம், கழிச்சுடறேன். அதுக்குப் பதிலா நான் போனப்புறம் எங்கப்பாகிட்ட நான் உனக்குத் தரணும்னு கேளு. கடன்னு சொன்னாத்தான் அவர் எழுந்திரிப்பார்’னான்.”