சனிக்கிழமை பிக்கப்

"மேரி, இது மூணாவது பொம்பளை."

காபிச் செடிகளுக்கு நடுவே நின்று எட்டிப் பார்த்த ஜேசுதாஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் வந்த சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"யாரோ வர்றாங்க, போறாங்க. உங்களுக்கென்னங்க?" என்றாள் சாந்தாமேரி, துணி வாளியைக் கீழே வைக்காமலேயே.

செம்மநத்தத்தில் வீட்டை ஒட்டி ஜேசுதாசுக்குக் கொஞ்சம் காலி இடம் இருந்தது. கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவார். ஏற்காட்டு லாட்ஜ் கட்டுப்படியாகாத பையன்கள் வருவார்கள். நெருப்பு மூட்டுவார்கள், பாட்டுப் போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், குப்பையைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதெல்லாம் அவருக்குப் புரிந்தது.

இந்தச் சுகுணாதான் புரியவில்லை.

சனிக்கிழமையானால் சேலத்திலிருந்து ஒரு பழைய பிக்கப்பை அவளே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள். மற்ற நாளில் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் வண்டி. வந்ததும் சக்கரத்துக்குக் கல் கொடுத்துச் சமமாக நிறுத்துவாள். பின்பக்கம் முழுக்கப் பலகை. பலகைக்கு அடியில் தண்ணீர் கேன், அடுப்பு, துணிமணி. மேலே மெத்தை, வெள்ளை உறை போட்ட தலையணை. இரும்புக் குழாயை வளைத்து மாட்டி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கொசுவலையைத் தொங்கவிட்டால் தீர்ந்தது. ஒரு டீ போடும் நேரத்தில் படுக்கையறை தயார்.

ஒவ்வொரு வாரமும் அவளோடு ஒரு பெண். ஒவ்வொரு வாரமும் வேறு பெண்.

வருகிறவள் ஏரியைப் பார்க்கப் போகமாட்டாள். சேர்வராயன் கோயிலுக்கும் போகமாட்டாள். வெயில் இறங்குவதற்குள் தார்ப்பாய்க்குள் நுழைந்தால், மறுநாள் மதியம்தான் வெளியே வருவாள். சுகுணா வண்டிக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காவல்காரி மாதிரி உட்கார்ந்திருப்பாள். இருட்டினால் டிரைவர் சீட்டிலேயே சாய்ந்துகொள்வாள்.

போன வாரம் வந்தவள் கிளம்பும்போது அழுததை ஜேசுதாஸ் கண்ணால் பார்த்தார்.

இதோ, இன்றைக்கும் தார்ப்பாய் மூடியே கிடக்கிறது. சுகுணாவின் கையில் ஒரு போன் அடித்தது. பூப்போட்ட உறை. அது அவளுடைய போன் இல்லை.

"அவங்களால இப்பப் பேச முடியாதுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜேசுதாஸ் மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டியா மேரி? போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டு, மருந்து கிருந்து குடுத்துப் படுக்க வெச்சிருக்கா. நாளைக்குப் போலீஸ் வந்தா, இடங்குடுத்தவன் நானு. நீயும் வா. பொம்பளைங்க சமாச்சாரம், நான் தனியாப் போனா நல்லாருக்காது."

இருவரும் போனார்கள்.

"ஏம்மா, உள்ளே யாரு?"

சுகுணா எழுந்து உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணா. புவனான்னு, எங்க தெருதானுங்க."

"அந்தப் பொண்ணைக் கூப்பிடு. நான் பேசோணும்."

"எழுப்ப முடியாதுங்க."

"முடியாதா? என்னத்தைக் குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கலீங்க. தூங்கறாங்க."

"நேத்து சாயங்காலத்துல இருந்தா? யாருகிட்டக் கதை விடறே?"

ஜேசுதாஸ் மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். சாந்தாமேரி தயங்கித் தயங்கித் தார்ப்பாயை விலக்கினாள்.

வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கையை எங்கோ வீசிப் போட்டுக்கொண்டு ஒருத்தி படுத்திருந்தாள். சாந்தாமேரி குனிந்து மூச்சைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். அப்புறம் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன மேரி?"

"தூங்கறாங்க," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

சுகுணா தணிந்த குரலில் சொன்னாள்: "இவங்க மாமனாருக்குப் பக்கவாதமுங்க. திருப்பிப் போடோணும், துணி மாத்தோணும், ராத்திரியெல்லாம் கூப்பிட்டுட்டே இருப்பாரு. இவங்க முழுசாத் தூங்கி வருசக்கணக்காச்சு. நேத்துல இருந்து எங்கண்ணன் அங்க இருந்து பாத்துக்கறாரு. ஆஸ்பத்திரியில வார்டு பாய் வேலை பாத்தவருங்க."

"அந்தப் போனு?"

"பக்கத்துல இருந்தா கண்ணை மூட மாட்டாங்க. சட்டை எங்கே, சாவி எங்கேன்னு ஊட்டுக்காரரு கூப்பிட்டுட்டே இருப்பாரு."

"போன வாரம் ஒருத்தி அழுதாளே?"

"திரும்பிப் போகோணுமில்லீங்களா?"

ஜேசுதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உனக்கெதுக்கும்மா இந்த வேலை?"

"எங்கம்மாவைக் கடைசி வரைக்கும் நான்தானுங்க பாத்துக்கிட்டேன். அவங்க போன அன்னைக்கு எல்லாரும் அழுதாங்க. நான் தூங்கிட்டேன். கல்நெஞ்சுக்காரின்னு சொந்தக்காரங்க பேசினாங்க. அவங்களுக்கு என்னங்க தெரியும்? இவங்களை மாதிரி இருக்கறவங்களுக்கு ரூம் எடுத்துக் குடுக்க எனக்கு வசதி இல்லீங்க. வண்டி இருந்துச்சு, பலகையைப் போட்டேன்."

ஜேசுதாசின் மனசு இளகிவிட்டது.

"நொம்பப் பெரிய மனசும்மா உனக்கு. நான் என்னென்னமோ நெனைச்சுட்டேன். அந்த ஊட்டு ஆம்பளைங்களைச் சொல்லோணும். கட்டுனவ தூங்கறாளா, முழிச்சிருக்காளான்னுகூடத் தெரியாம என்ன குடும்பம் நடத்தறானுங்களோ!"

அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஜேசுதாசின் அம்மா.

"மேரீ... ஏ மேரீ..."

"மேரி, அம்மா கூப்பிடறாங்க பாரு," என்றார் ஜேசுதாஸ், வழக்கம்போல.

சாந்தாமேரி நகரவில்லை. தார்ப்பாயைப் பிடித்த கையை எடுக்காமல், சுகுணாவின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஏனுங்க, அடுத்த சனிக்கிழமைக்கு வேற யாராச்சும் சொல்லி வெச்சிருக்காங்களா?"