கமுதி வண்டி

"மாடு வாங்கப் போனா மொதல்ல மாட்டைப் பாக்கக் கூடாதுடா..." என்று அய்யா ஆரம்பிப்பார். அப்புறம் எதைப் பார்க்கச் சொன்னார், விற்கிறவனையா, அது கட்டிக் கிடக்கிற இடத்தையா என்பது முத்துகிருஷ்ணனுக்கு மறந்துபோயிருந்தது. பதினெட்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு ராமேஸ்வரத்துக்குத் திரும்பியவர். அவர் இப்போது வாங்கப் போவதும் மாடு இல்லை. டிக்கி வைத்த கார், அதுவும் பழசு.

மனைவி ஜெயப்பிரியாவுக்கு ராமநாதபுரத்தில் நர்ஸ் வேலை. போக வர தினம் நூற்றுப் பத்து கிலோமீட்டர். அவளேதான் ஓட்டிப் போகிறாள். போன மாதம் அவர்களிடம் இருந்த வண்டி பாம்பன் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் வரிசையாக ஹாரன் அடிக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதிருக்கிறாள்.

"இனி எனக்கு வழியில நிக்காத வண்டி வேணும். கலரு, பாட்டு, எதுவும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

"சரி. ஆனா கடக்கரை வண்டி வேணாம்" என்றார் முத்துகிருஷ்ணன். "உப்புக்காத்து அடியிலயே அரிச்சிரும். கமுதிப் பக்கம் பாப்போம்."

கமுதியில் மிளகாய் வியாபாரி தங்கப்பாண்டி தன் வெள்ளை செடானைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்.

"கொஞ்சம் தூக்கி அடியில பாத்துக்கலாமாண்ணே?" என்று கேட்டார் முத்துகிருஷ்ணன்.

"அடியில என்னத்தைப் பாக்கப் போறீங்க? கமுதி வண்டி. இங்கன கடலா கெடக்கு? கம்மாய்லயே தண்ணி இல்ல."

ஜெயப்பிரியா கால்மிதியைத் தூக்கித் தடவிப் பார்த்தாள். விரலில் மணலும் கிளிஞ்சல் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தன.

"புள்ளைக தனுஷ்கோடிக்கு டூர் போச்சுக" என்றார் தங்கப்பாண்டி, அவள் கேட்பதற்கு முன்பே.

திரும்பும்போது முத்துகிருஷ்ணன் புலம்பிக்கொண்டே வந்தார். "உள்ளதை உள்ளபடி சொல்லி விக்கிற ஆளு இந்தச் சீமையில ஒருத்தனாவது இருக்கானா? அப்படி ஒருத்தன் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிருவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜெயப்பிரியாவின் வற்புறுத்தலில், கடற்கரை ஊர்தான் என்றாலும் தொண்டிக்குப் போனார்கள். அங்கே வண்டியை விற்கிற பாக்கர் அடுத்த மாதம் கத்தார் போகிறவர். அவர் கார்க் கதவைத் திறந்து காட்டவில்லை. நேரே வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிப் போய் மேலே ஏற்றினார். அடியில் நின்று ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார்.

"இங்கன டங்குனு கேக்குதாண்ணே? நல்ல தகடு. இது போன வருசம் வெல்டு வச்ச எடம், பில்லு இருக்கு. இங்கன பொதுக்குனு கேக்குது பாருங்க, இது துரு. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஆறு மாசத்துக்குள்ள பாத்துரணும்."

"இஞ்சின்?"

"அதுல கொறை இல்ல. ஒருநாளும் வழியில நின்னதில்ல. ஏசிதான் மத்தியான வெயில்ல கொஞ்சம் மொனகும்."

தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்தினார். "பாய், நீங்க வண்டி விக்க வந்தீகளா, வண்டி மேல புகார் கொடுக்க வந்தீகளா?"

"தங்கச்சி தனியா பாலத்துல ஓட்டிட்டுப் போகுதுப்பா. மறைச்சு வித்துட்டு நான் கத்தார்ல போயி எப்படித் தொழுறது?"

முத்துகிருஷ்ணன் கமுதியில் பார்த்த வண்டியைப் பற்றிச் சொன்னார். பாக்கர் சிரித்துவிட்டார்.

"அங்கனயே பொறந்த வண்டியா, குடிபோன வண்டியா? மாவட்டம் பூரா ஒரே டிஎன் அறுபத்தஞ்சு நம்பருதாண்ணே, பிளேட்டைப் பாத்து எந்த ஊருன்னு சொல்ல முடியாது. இங்கன துருப்பிடிச்சதுக்கு அடியில கறுப்புப் பெயிண்டு அடிச்சு, அங்கன சொந்தக்காரன் வீட்டுல ரெண்டு மாசம் நிப்பாட்டுவாக. அப்பறம் அது கமுதி வண்டி. வெலையும் ஏறிரும். அந்த வண்டி எப்படின்னு எனக்குத் தெரியாது. தூக்கிப் பாக்க விட்டாரா?"

ஜெயப்பிரியா கணவனைப் பார்த்தாள்.

முத்துகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவனுகள்லாம் மனுசனுகளா பாய்? ஒரு பொம்பளை தெனம் ஓட்டப் போற வண்டியில போயி..." பாக்கரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "சிங்கப்பூர்ல கூட உங்களை மாதிரி ஒரு ஆளைப் பாத்ததில்ல."

"அவசரமில்லண்ணே. யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த வாரம் முழுக்க பாக்கர் புராணம்தான். டீக்கடையில் சொன்னார், முடிவெட்டுகிறவரிடம் சொன்னார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், 'நேர்மை இன்னும் சாகவில்லை' என்று தலைப்புப் போட்டு நீளமாக எழுதினார். முப்பத்திரண்டு பேர் கைதட்டினார்கள்.

"அப்ப பாக்கர் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க. வேற யாருக்கும் கொடுத்துறப் போறாரு" என்றாள் ஜெயப்பிரியா.

முத்துகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கமான மனுசன்தான். ஆனா துரு இருக்குன்னு அவரே சொல்லிட்டாரே. தெரிஞ்சே எப்படி வாங்குறது?"

"கமுதி வண்டியில இல்லையாக்கும்?"

"இருக்குன்னு யாரும் சொல்லலையே."

"பாக்கர் அண்ணன் அவ்வளவு வெவரம் சொன்னாருல்ல..."

"அவரு சொல்லித்தானே எனக்கே வெளங்குச்சு. நாலு வருசம் கழிச்சு நாமளும் விக்கணும்ல? தொண்டி வண்டியை எவன் வாங்குவான்? இது கமுதி வண்டி பிரியா."

வெள்ளிக்கிழமை காலையில் முத்துகிருஷ்ணன் தங்கப்பாண்டியின் வண்டியை வாங்கினார்.