ஊசி கேட்டவர்

குருநகரில் பாடகர் அமலதாசின் வீட்டுக்கு டொக்டர் சிவகரன் வந்தபோது, மனைவி மேர்சிதான் கதிரையை இழுத்துப் போட்டாள்.

“உங்கடை மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டிலை பாடினதுதான் கடைசி, டொக்டர். இனிப் பாடேலாதெண்டு கொழும்பிலை சொல்லிப்போட்டினம். கதைக்கவும் சத்தம் வருகுதில்லை.”

டொக்டர் தலை குனிந்தார். “தொண்டை புண்ணாயிருக்கேக்கை நோவு தெரியாமல் பாடவெண்டு அவ்வளவு ஊசி நான் போட்டிருக்கக் கூடாது.”

“நீங்கள் என்ன செய்வியள்? இந்த மனுசனுக்குப் பாட்டெண்டால் விசர். உங்கடை வீட்டு விசேஷம் வேறை. ஊசியைப் போடுங்கோ, பாடியே தீருவன் எண்டு உங்களை ஆக்கினைப்படுத்தியிருப்பார். அப்பிடித்தானே?”

கட்டிலில் இருந்த அமலதாஸ் டொக்டரையே பார்த்தார். உதடுகள் அசைந்தன, காற்றுத்தான் வந்தது.

“ஓம்” என்றார் டொக்டர்.

“எனக்குத் தெரியும்!” கணவனை முறைத்துவிட்டு மேர்சி தேநீர் போட உள்ளே போனாள்.

டொக்டர் நிமிரவில்லை. அமலதாஸ் அன்று ஊசி கேட்டு வரவில்லை. தொண்டை சரியில்லை, பாட முடியாது, குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அழைப்பிதழில் அவர் பெயரைப் பெரிதாகப் போட்டு ஊரெல்லாம் கொடுத்திருந்த டொக்டர்தான், “சட்டைக் கையை மடியுங்கோ” என்றார்.